செம்பாசியில் குரோமாட்டின் குறிகளைப் படிக்கும் புரதத்தைக் கண்டறிந்து மெய்ப்பிப்பது எப்படி

ஜப்பானிலும் கொரியாவிலும் சோற்றைச் சுற்றும் நோரித் தாளாக விற்கப்படும் பைரோபியா என்ற செம்பாசி, தன் வாழ்நாளின் ஒரு பகுதியை மெல்லிய இலையாகவும், மறு பகுதியைச் சிப்பி ஓட்டைத் துளைத்து உள்ளே படரும் நுண்ணிழையாகவும் கழிக்கிறது. இவ்விரு வடிவங்களும் வெவ்வேறு உயிரினங்கள் என்றே தாவரவியலாளர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். இழைக்குக் கான்கோசெலிஸ் என்று தனிப்பெயரும் இட்டிருந்தார்கள். 1949இல் இங்கிலாந்தின் கேத்லீன் ட்ரூ-பேக்கர், பைரோபியாவின் நெருங்கிய உறவான போர்ஃபைராவின் வித்துகள் சிப்பி ஓட்டில் முளைத்து அந்த இழையாக வளர்வதைக் காட்டிய பிறகுதான் இரண்டும் ஒன்றே என்பது தெளிவாயிற்று. இலையில் குரோமோசோம்கள் ஒரு தொகுதி, இழையில் இரண்டு தொகுதி என்ற வேறுபாடு உண்டு. ஆனால் மரபணுப் பட்டியல் ஒன்றுதான். அந்த ஒரே பட்டியலிலிருந்து எது எப்போது இயங்க வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்பதில் டிஎன்ஏவும் அதைத் தாங்கும் புரதங்களும் சேர்ந்த குரோமாட்டின்மேல் ஒட்டப்படும் வேதிக் குறிகளுக்கும் அவற்றைப் படிக்கும் புரதங்களுக்கும் பங்கு இருக்கும் என்று கருத நல்ல காரணம் இருக்கிறது.

அப்படிப்பட்ட ஒரு புரதத்தைச் செம்பாசியின் மரபணுத்தொகுதியில் தேடி எடுத்து, அது எந்தக் குறியைப் படிக்கிறது என்று மெய்ப்பிக்கும் வழியை, ஆய்வுப் படிப்பின் தொடக்கத்தில் இருக்கும் மாணவர்களை மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன். நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான்: மனிதரிலோ கடுகுச் செடியின் உறவான அராபிடாப்சிஸிலோ இருக்கும் படிப்பான் புரதத்தின் சாயல் செம்பாசிப் புரதம் ஒன்றில் தெரிகிறது என்பதனாலேயே, அதுவும் அதே குறியைப் படிக்கிறது என்று எழுதிவிடக் கூடாது. குறியைப் பிடிக்கும் குழி அதில் இருக்கிறதா, உண்மையில் பிடிக்கிறதா, குழியைக் கெடுத்தால் பிடி விட்டுப்போகிறதா என்ற மூன்றுக்கும் விடை கிடைத்த பின்பே ‘படிக்கிறது’ என்ற சொல்லைப் பயன்படுத்தலாம்.

குறி எது, படிப்பு எது

உயிரணுவின் உட்கருவில் டிஎன்ஏ நூல் எட்டு ஹிஸ்டோன் புரதங்களாலான உருளையை 147 கார இணை நீளத்துக்குச் சுற்றியிருக்கிறது. இந்த அலகே நியூக்ளியோசோம். ஹிஸ்டோன்களின் முனைகள் உருளைக்குள் அடங்காமல் வால்களாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த வால்களில் உள்ள லைசின், ஆர்ஜினின், செரின் போன்ற அமினோ அமிலங்களின்மேல் மெத்தில், அசிட்டைல், பாஸ்பேட் முதலிய சிறு வேதித் தொகுதிகளைச் சில நொதிகள் ஒட்டுகின்றன, வேறு சில நொதிகள் நீக்குகின்றன. ஹிஸ்டோன்மேல் அசிட்டைலும் மெத்திலும் ஒட்டப்படுவதை வின்சென்ட் ஆல்ஃப்ரே 1964இலேயே எடுத்துக்காட்டினார். அக்குறிகளைத் தேடி வந்து ஒட்டிக்கொள்ளும் டொமைன்கள், அதாவது புரதத்தில் தனியே மடிந்து ஒரு வேலையைச் செய்யும் பகுதிகள், ஒவ்வொன்றாக அடையாளம் காணப்பட்டதோ 1999க்குப் பிறகுதான்.

பழ ஈயின் எச்பி1 புரதம் இதற்கு நல்ல பாடம். அதன் குரோமோடொமைன், எச்3 ஹிஸ்டோனின் 9ஆவது லைசினில் மெத்தில் ஏறியிருந்தால் மட்டும் வாலை இறுகப் பிடிக்கும். வால் அந்த டொமைனின் இரண்டு இழைகளுக்கு நடுவே மூன்றாவது இழையாகப் படுத்துக்கொள்கிறது. மெத்தில் ஏறிய லைசினின் நுனி மட்டும் ஒரு சிறு குழிக்குள் இறங்குகிறது. குழியின் சுவர்களாக நிற்பவை 24ஆம் இடத்து டைரோசின், 45ஆம் இடத்து டிரிப்டோஃபான், 48ஆம் இடத்து டைரோசின் ஆகிய மூன்று வளைய அமினோ அமிலங்கள். இந்த அமைப்புக்கு அரோமாட்டிக் கூண்டு என்று பெயர். லைசினின் நைட்ரஜனில் மூன்று மெத்தில் சேரும்போது நேர்மின்னூட்டம் அப்படியே இருக்கிறது, ஆனால் பரந்து கிடக்கிறது. நீருடன் ஹைட்ரஜன் பிணைப்பு அமைக்கும் வாய்ப்பும் போய்விடுகிறது. வளையங்களின் தட்டையான முகத்தில் இருக்கும் எலக்ட்ரான் மேகம் அந்த நேர்மின்னூட்டத்தைத் தன்பக்கம் இழுக்கிறது. படிப்பு என்று நாம் சொல்வது இந்தப் பொருத்தத்தைத்தான்.

அசிட்டைல் குறியைப் படிக்கும் புரோமோடொமைனில் வேறு ஏற்பாடு. அசிட்டைல் ஏறிய லைசினுக்கு மின்னூட்டம் இல்லை. ஆழமான குழிக்குள் அது நீளமாக இறங்க, அடியில் காத்திருக்கும் ஓர் அஸ்பரஜின் அதன் ஆக்சிஜனுடன் ஹைட்ரஜன் பிணைப்பு கொள்கிறது. இரண்டு துத்தநாக அயனிகளைச் சுற்றி மடிந்திருக்கும் பிஎச்டி விரல்களில் சில, எச்3இன் 4ஆவது லைசினில் உள்ள மூன்று மெத்திலைக் கூண்டில் பிடித்துக்கொண்டே, வாலின் முதல் அமினோ அமிலமான அலனினின் கட்டற்ற முனையையும் தனியே பற்றிக்கொள்கின்றன. இந்தக் கடைசிச் செய்தியை மறவாதீர்கள். சோதனைக்காக வாலின் நகலாகச் செயற்கையாகச் செய்யப்படும் சிறு புரதத் துண்டான பெப்டைடை வாங்கும் இடத்தில் இது மீண்டும் வரும்.

இந்தப் பிடிகள் எவையும் இரும்புப் பிடி அல்ல. பெரும்பாலானவற்றின் பிரிகை மாறிலி (எண் சிறிதானால் பிடி வலிமையானது) ஒன்று முதல் சில பத்து மைக்ரோமோலார் வரை இருக்கும். ஒரு குறிக்கும் ஒரு புரதத்துக்கும் இடையே நானோமோலார் அளவு வலிமை வந்தால் மகிழ்வதற்கு முன் சோதனையைச் சந்தேகிக்க வேண்டும்.

எந்தப் பாசியைத் தேர்வது

கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் கிடைத்த பாங்கியோமார்ஃபா என்ற செம்பாசிப் புதைபடிவத்தின் வயது சுமார் 105 கோடி ஆண்டு. அவ்வளவு காலமாகத் தனிவழி நடந்த இந்தக் குலம், இடையில் தன் மரபணுத்தொகுதியையும் வெகுவாகச் சுருக்கிக்கொண்டது. ஐரிஷ் பாசி எனப்படும் காண்ட்ரஸ் கிரிஸ்பஸின் மரபணுத்தொகுதி 2013இல் வெளியானபோது, சுமார் 10.5 கோடி கார இணைகளில் 9,606 மரபணுக்களே கணக்கிடப்பட்டன. 2017இல் வெளியான போர்ஃபைரா அம்பிலிகாலிஸில் 8.77 கோடி கார இணைகளும் 13,125 மரபணுக்களும் இருந்தன. பல செல்கள் கொண்ட, சிக்கலான வாழ்க்கைச் சுழற்சியுடைய உயிரினங்களுக்கு இவை சிறிய எண்ணிக்கைகள். ஆகவே, ஒரு குறியைப் படிக்க விலங்குகளில் பத்துப் புரதங்கள் இருக்கும் இடத்தில், செம்பாசியில் ஒன்றிரண்டுதான் மிஞ்சியிருக்கலாம். ஆய்வாளருக்கு இது ஒரு வாய்ப்பு: ஒன்றைக் கெடுத்தால் அதன் வேலையை இன்னொன்று ஏற்றுக்கொண்டு விளைவை மறைத்துவிடும் தொல்லை குறைவு.

மரபியல் சோதனை வரை செல்ல எண்ணினால், இத்தாலியின் நேப்பிள்ஸ் அருகே எரிமலைப் பகுதியின் அமில வெந்நீர் ஊற்றுகளிலிருந்து வந்த சயனிடியோஸ்கைசான் மெரோலே என்ற ஒற்றைச்செல் செம்பாசியைத் தேர்வதே என் பரிந்துரை. அதன் மரபணுத்தொகுதி 2004இல் வெளியானது; 20 குரோமோசோம்களில் சுமார் 1.65 கோடி கார இணைகள், உட்கரு ஒன்று, மைட்டோகாண்ட்ரியன் ஒன்று, பசுங்கணிகம் ஒன்று, கெட்டியான செல்சுவர் இல்லை. இன்ட்ரான் (மரபணுவின் நடுவே வந்து, புரதம் செய்யும் முன் வெட்டி நீக்கப்படும் துண்டு) உள்ள மரபணுக்கள் 26தான் என்பதால் மரபணுவை நேரடியாக டிஎன்ஏவிலிருந்தே பெருக்கி எடுத்துவிடலாம். சமவரிசை மறுசேர்க்கை வழியாக, அதாவது ஒத்த வரிசையுள்ள டிஎன்ஏவைக் கொடுத்து இடம் மாற்றிக்கொள்ளச் செய்து, வேண்டிய மரபணுவை நீக்கவும் மாற்றவும் இதில் முடிகிறது. பெரிய கடற்பாசிகளில் அது இன்னும் எளிதாகவில்லை.

கடற்பாசியே வேண்டும் என்றால் மரபணுத்தொகுதி வெளியாகியுள்ள காண்ட்ரஸ், போர்ஃபைரா, பைரோபியா ஆகியவற்றில் ஒன்றிலிருந்து வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். காண்ட்ரஸில் இன்னொரு கவர்ச்சி உண்டு. அதன் ஒருதொகுதித் தலைமுறையும் இருதொகுதித் தலைமுறையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் முதலாவதின் சுவரில் கப்பா வகைக் காராஜீனன் (செம்பாசிச் செல்சுவரின் நீள்சர்க்கரைப் பொருள்), இரண்டாவதின் சுவரில் லாம்டா வகை. தோற்றம் மாறாமல் வேதியியல் மட்டும் மாறும் இந்த நிலை, மரபணு அடக்கத்தைப் பற்றிக் கேள்வி எழுப்புவதற்கு நல்ல களம்.

வரிசையில் தேடுவது

வரிசைகளை நேருக்கு நேர் ஒப்பிடும் பிளாஸ்ட் நிரலின் தேடலோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். இவ்வளவு தொலைவான உறவில் குரோமோடொமைன் போன்ற ஐம்பது அமினோ அமில நீளமுள்ள சிறு துண்டுகள் பிளாஸ்டுக்குத் தப்பிவிடும். புரதக் குடும்பங்களைத் தொகுத்த பிஃபாம் தரவுத்தளத்தில் குரோமோ, பிஎச்டி, புரோமோ, டியூடர், பிடபிள்யூடபிள்யூபி, யீட்ஸ் ஆகிய டொமைன்களுக்கு உள்ள மாதிரிகளை எடுத்து, பாசியின் புரதப் பட்டியல் முழுவதையும் எச்எம்எம்இஆர் என்ற நிரல் கொண்டு அலசுங்கள். கிடைத்த ஒவ்வொன்றையும் கட்டமைப்பு தெரிந்த டொமைன்களுடன் வரிசைப்படுத்திப் பாருங்கள். இங்கே கேட்க வேண்டிய கேள்வி, முழு டொமைனும் எத்தனை விழுக்காடு ஒத்திருக்கிறது என்பதன்று. கூண்டின் சுவராக நிற்க வேண்டிய மூன்று நான்கு இடங்களில் டைரோசின், டிரிப்டோஃபான், ஃபினைல்அலனின் ஆகியவற்றில் ஒன்று இருக்கிறதா என்பதே. ஒட்டுமொத்த ஒற்றுமை குறைவாக இருந்தும் கூண்டு முழுமையாக இருக்கலாம். ஒற்றுமை நிறைந்திருந்தும் கூண்டின் ஒரு சுவர் செரினாகி, படிக்கும் திறன் போயிருக்கலாம். பிஎச்டி விரல்களில் கணிசமானவை மெத்தில் இல்லாத 4ஆவது லைசினையே விரும்புகின்றன. அவற்றில் கூண்டுக்குப் பதில் அமிலத் தன்மையுள்ள அமினோ அமிலங்கள் நிற்கும்.

அடுத்ததாக, புரதத்தின் வடிவத்தை வரிசையிலிருந்து கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு நிரலின் மாதிரியைப் பாருங்கள். 2024இல் வந்த மூன்றாம் பதிப்பில் மெத்தில், அசிட்டைல் ஏறிய வால்களையும் சேர்த்துக் கொடுக்க முடியும். வளையங்கள் ஒன்றையொன்று நோக்கித் திரும்பிக் குழியாக அமைகின்றனவா என்பதைப் பார்க்க இது பெரிதும் உதவும். ஆனால் குறி ஏறிய வாலையும் ஏறாத வாலையும் தனித்தனியாகக் கொடுத்து, இரண்டையும் ஒரே இடத்தில் அது வைக்கிறதா என்று கட்டாயம் சோதியுங்கள். இரண்டையும் ஒரே நம்பிக்கையோடு வைத்தால், குறியின் பங்கைப் பற்றி அந்த மாதிரி ஒன்றும் சொல்லவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இதே கட்டத்தில் பாசியின் சொந்த ஹிஸ்டோன் வரிசையையும் எடுத்து வையுங்கள். எச்3 வாலின் தொடக்கம் உயிரினங்களிடையே அவ்வளவாக மாறுவதில்லை; 27ஆவது லைசினைத் தாண்டியதும் மாற்றங்கள் வரத் தொடங்குகின்றன. 31ஆவது இடத்தில் அலனினா திரியோனினா என்பதை வைத்தே இருவகை எச்3களைப் பிரித்தறியும் புரதம் அராபிடாப்சிஸில் இருக்கிறது. மனித வரிசைப்படி செய்த பெப்டைடைப் பாசிப் புரதத்துக்குக் கொடுத்து எதிர்மறை முடிவு பெற்றால், குறை எங்கே என்று பிறகு சொல்ல முடியாது.

புரதத்தைத் தயாரிப்பது

டொமைனின் எல்லைக்கு இருபுறமும் பத்துப் பதினைந்து அமினோ அமிலங்கள் கூடுதலாக விட்டு, ஈ. கோலை பாக்டீரியாவுக்கு ஏற்பக் குறியன்களை (ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் உரிய மூன்றெழுத்துகளை) மாற்றி மரபணுவைச் செயற்கையாகச் செய்து வாங்கிக்கொள்வது காலத்தை மிச்சப்படுத்தும். பிஎல்21 வகை ஈ. கோலையில், மரபணுவை இயக்கிவிடும் ஐபிடிஜியை 0.2 மில்லிமோலார் இட்டு, 16 முதல் 18 டிகிரியில் இரவு முழுவதும் வளர்த்தால் பெரும்பாலான சிறு டொமைன்கள் கரைநிலையில் கிடைக்கும். பிஎச்டி விரல் என்றால் வளர்ப்பு ஊடகத்தில் 50 முதல் 100 மைக்ரோமோலார் துத்தநாகக் குளோரைடு சேருங்கள். பஃபரில் ஈடிடிஏ ஒருபோதும் சேர்க்காதீர்கள், அது துத்தநாகத்தைப் பிடுங்கிக்கொள்ளும்.

ஜிஎஸ்டி என்ற ஒட்டுப் புரதத்தைச் சேர்த்துத் தூய்மைப்படுத்துவது வசதியானது; முதற்கட்டச் சோதனைக்கு அதுவே போதும். ஆனால் ஜிஎஸ்டி இரட்டையாகச் சேரும் இயல்புடையது. சோதனையில் பயன்படும் நுண்மணிகளின் பரப்பில் நெருக்கமாக ஒட்டியிருக்கும் பெப்டைடுகளை அந்த இரட்டை ஒரே நேரத்தில் இரண்டு கைகளாலும் பற்றுவதால், பலவீனமான பிடிகூட வலிமையானதாகத் தோன்றும். எண்ணாக வெளியிடும் எந்த அளவீட்டுக்கும் முன்பு ஜிஎஸ்டியை வெட்டி நீக்கி, புரதத்தை அளவு வடிகட்டல் பத்தியில் ஓட்டி, அது தனித்து நிற்பதை உறுதிசெய்யுங்கள்.

பெப்டைடு

இந்த ஒரு பகுதியில் செய்யும் தவறுதான் அதிக மாதங்களை விழுங்குகிறது, அனுபவத்திலிருந்து சொல்கிறேன். பிஎச்டி விரல் ஒன்றைச் சோதிக்க நான் முதன்முதலில் வரவழைத்த எச்3 பெப்டைடில், அதை மணிகளில் ஒட்டவைக்கும் பயோட்டின் என்ற சிறு மூலக்கூறு தொடக்க முனையில் இருந்தது. புரதம் தூய்மையாக இருந்தது, கூண்டு குறையின்றி இருந்தது, மும்மெத்தில் குறியும் சரியான இடத்தில் இருந்தது. பிணைப்பு மட்டும் இல்லை. முன்பு சொன்ன அந்த முதல் அலனினின் கட்டற்ற முனையைப் பயோட்டின் மூடிவிட்டது என்பது வெகு நாள் கழித்தே புரிந்தது. பயோட்டினைக் கடை முனைக்கு மாற்றிச் செய்த பெப்டைடில் அதே புரதம் முதல் நாளே பிடித்தது. எச்3 வாலின் தொடக்கப் பகுதிக்கான பெப்டைடு என்றால், முதல் முனை வெறுமையாகவும் பயோட்டின் 21ஆவது இடத்துக்குப் பின்னும் இருக்கட்டும்.

இரண்டாவது சிக்கல் செறிவைக் கணக்கிடுவது. எச்3 வாலின் முதல் 21 அமினோ அமிலங்களில் டைரோசினும் இல்லை, டிரிப்டோஃபானும் இல்லை. எனவே 280 நானோமீட்டரில் அது எதையும் காட்டாது. பெப்டைடுப் பொடியின் எடையில் டிரைஃபுளுரோ அசிட்டிக் அமில உப்பும் ஈரமும் கலந்திருப்பதால் எடைக்கணக்கும் நம்பத்தக்கதல்ல. வாங்கும்போதே கடைசியில் ஒரு டைரோசின் சேர்க்கச் சொல்லிவிட்டால் இந்தக் கவலை தீரும். அதே அமில உப்பு கரைசலின் காரகாடித்தன்மையையும் சாய்த்துவிடும். கரைத்த பின் பிஎச் தாளில் ஒரு துளி வைத்துப் பார்த்து, 7.5க்குத் திருத்துங்கள்.

எந்தெந்தப் பெப்டைடுகள் வேண்டும் என்பதில் சிக்கனம் பார்க்காதீர்கள். குறியே இல்லாதது, ஒரு மெத்தில், இரண்டு மெத்தில், மூன்று மெத்தில் ஆகிய நான்கும் 4, 9, 27 ஆகிய மூன்று இடங்களுக்கும் வேண்டும். குறிப்பாக 9ஆவது லைசினும் 27ஆவது லைசினும் அலனின், ஆர்ஜினின், லைசின், செரின் என்ற ஒரே நான்கெழுத்துச் சூழலில் அமைந்திருக்கின்றன. குரோமோடொமைன்களும் இவ்விரண்டைக் குழப்பிக்கொள்ளும், குறிகளை அடையாளம் காண விற்பனைக்கு வரும் ஆன்டிபாடிகளும் குழப்பிக்கொள்ளும். 9ஆவது லைசினை மட்டும் சோதித்துவிட்டு இப்புரதம் எச்பி1 போன்றது என்று எழுதிய பிறகு, அது உண்மையில் 27ஐ அதிகம் விரும்புகிறது என்று வேறொருவர் காட்டும்படி விடாதீர்கள். இயன்றால், அருகிலுள்ள 10ஆவது செரினில் பாஸ்பேட் ஏறிய பெப்டைடு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செல் பிரியும் வேளையில் அந்தப் பாஸ்பேட் ஏறியதும் எச்பி1 விலகிவிடுவது விலங்குகளில் 2005 முதல் தெரிந்த செய்தி. செம்பாசிப் புரதமும் அப்படி விலகுகிறதா என்பது கேட்கத்தக்க கேள்வி.

பிடியைக் காண்பதும் அளப்பதும்

முதலில், பெப்டைடோடு ஒட்டும் புரதத்தை மணிகளோடு இழுத்தெடுக்கும் புல்-டவுன். ஒரு மைக்ரோகிராம் பெப்டைடை, பயோட்டினைப் பற்றும் ஸ்ட்ரெப்டாவிடின் மணிகளில் ஏற்றி, ஒரு மைக்ரோகிராம் புரதத்துடன் 4 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுழலவிட்டு, 300 மில்லிமோலார் உப்பும் 0.1 விழுக்காடு டிரைட்டானும் கலந்த பஃபரில் நான்கைந்து முறை கழுவி, மிஞ்சியதைக் புரதங்களை அளவுவாரியாகப் பட்டைகளாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள். ஹிஸ்டோன் வால் முழுவதும் நேர்மின்னூட்டம் என்பதால், எதிர்மின்னூட்டம் மிகுந்த எந்தப் புரதமும் 100 மில்லிமோலாரில் அதனுடன் ஒட்டிக்கொள்ளும். குறி இல்லாத பெப்டைடிலும் அதே அளவு பட்டை வந்தால் உப்பைக் கூட்டுங்கள். கூட்டியும் வேறுபாடு பிறக்கவில்லை என்றால் அங்கே படிப்பு நடக்கவில்லை.

அளப்பதற்கு வெப்ப அளவியல் முறையான ஐடிசியையே நான் முதலில் நாடுவேன், ஏனெனில் அதில் எதற்கும் ஒளிரும் சாயம் பூச வேண்டியதில்லை. பிரிகை மாறிலி 5 மைக்ரோமோலார் அளவில் இருக்கும் என எதிர்பார்த்தால், கலத்தில் 50 மைக்ரோமோலார் புரதமும் ஊசியில் 500 மைக்ரோமோலார் பெப்டைடும் வையுங்கள். இரண்டும் ஒரே பஃபரில், இயன்றால் ஒரே பாத்திரத்தில் டயாலிசிஸ் செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும். இல்லாவிடில் நீங்கள் அளப்பது பஃபர்கள் கலக்கும் வெப்பத்தையே. பெப்டைடை வெறும் பஃபரில் செலுத்தி ஒரு முறை ஓட்டி, அதைக் கழித்துக்கொள்ளுங்கள். வளைவிலிருந்து வரும் விகிதம் ஒன்றுக்கு ஒன்று என்பதற்கு அருகில் இல்லையென்றால், முதலில் செறிவுக் கணக்கைச் சரிபாருங்கள்.

வெப்பநிலையில் பாசியின் வாழிடத்தை மறக்கக் கூடாது. 25 டிகிரி என்பது நம் வழக்கமே தவிர, காண்ட்ரஸ் வாழும் குளிர்ந்த வடஅட்லாண்டிக் நீருக்கோ, 40 டிகிரியைத் தாண்டிய வெந்நீரில் வாழும் சயனிடியோஸ்கைசானுக்கோ அது பொருந்தாது. ஒரு முறை வழக்கமான வெப்பநிலையிலும் ஒரு முறை உயிரினத்தின் வெப்பநிலையிலும் அளந்து இரண்டையும் எழுதுங்கள். காரகாடித்தன்மையில் இந்தக் கவலை வேண்டாம். சயனிடியோஸ்கைசான் அமில நீரில் வாழ்ந்தாலும் செல்லின் உட்புறத்தை நடுநிலைக்கு அருகிலேயே வைத்துக்கொள்கிறது.

கூண்டை உடைத்துப் பார்ப்பது

கூண்டின் வளைய அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக அலனினாக மாற்றி, அதே அளவீடுகளைத் திரும்பச் செய்யுங்கள். மாற்றிய புரதம் பிணையவில்லை என்ற முடிவு, அது ஒழுங்காக மடிந்திருக்கிறது என்று காட்டினால்தான் செல்லும். வட்ட இருநிறத்தன்மை நிறமாலை (புரதத்தின் மடிப்பைக் காட்டுவது), அளவு வடிகட்டல், உருகு வெப்பநிலை ஆகியவற்றில் குறைந்தது இரண்டிலாவது அது இயல்புப் புரதத்தைப் போலவே நடந்துகொள்ள வேண்டும்.

பாசிக்குள்ளேயே பார்ப்பது

சோதனைக்குழாயில் பிடித்த புரதம் உட்கருவிலும் அதே குறிமேல் நிற்கிறதா என்பதை அறிய, பாசியிலிருந்தே குரோமாட்டினை எடுக்க வேண்டும். செம்பாசியின் சுவர் இங்கே கடுமையான தடை. மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலும் கஞ்சிப்பாசியிலும் அகார், மூங்கில் மிதவைகளில் வளர்க்கப்படும் கப்பாஃபைகஸில் கப்பா காராஜீனன். வணிகத்துக்கு மதிப்புத் தரும் இப்பொருள்களே ஆய்வகத்தில் குழாயை அடைக்கின்றன. கப்பாஃபைகஸை அரைத்து, உட்கரு பிரிக்க வழக்கமாகப் பயன்படும் பொட்டாசியம் குளோரைடு பஃபரை ஊற்றியபோது, பனிக்கட்டியில் வைத்த பத்து நிமிடத்தில் குழாயைக் கவிழ்த்தாலும் விழாத இளஞ்சிவப்புக் கூழாக அது இறுகியதைப் பார்த்திருக்கிறேன். கப்பா காராஜீனனை இறுகச் செய்வதே பொட்டாசியம் அயனிதான். பஃபரில் பொட்டாசியத்தை நீக்கி அதே அளவு சோடியம் சேர்த்தால் அந்தக் கூழ் வெகுவாகத் தளர்கிறது. மேலும், காராஜீனனின் சல்ஃபேட் தொகுதிகள் எதிர்மின்னூட்டம் உடையவை, ஹிஸ்டோன்கள் நேர்மின்னூட்டம் உடையவை. இரண்டும் ஒரே குழாயில் இருந்தால் ஹிஸ்டோன் கூழோடு போய்விடும். ஆகவே அமிலத்தில் ஹிஸ்டோன் பிரிப்பதற்கு முன், உட்கருக்களைப் பலமுறை கழுவி அந்தக் கூழை அகற்றியே தீர வேண்டும்.

புரதங்களை டிஎன்ஏவோடு பிணைத்து நிலைநிறுத்த, திசுவை 1 விழுக்காடு ஃபார்மால்டிஹைடில் இட்டு, வெற்றிடத்தில் வைத்து உட்செலுத்தி, கிளைசினால் நிறுத்துங்கள். கரைசலில் இளஞ்சிவப்பு நிறம் தொடர்ந்தால் பாசியின் சிவப்பு நிறமியான ஃபைகோஎரித்ரின் இன்னும் இருக்கிறது என்று பொருள். அதுவும் புரதமே என்பதால் மொத்தப் புரத அளவு உயர்ந்து காட்டும், அதன் ஆரஞ்சு ஒளிர்வு ஒளிர்சாய அளவீடுகளிலும் குறுக்கிடும். புரத அளவை நம்பாமல், ஜெல் பட்டைகளில் தெரியும் ஹிஸ்டோன் அளவை வைத்தே மாதிரிகளைச் சமன்செய்யுங்கள். ஆன்டிபாடியை முன்பு சொன்ன பன்னிரண்டு பெப்டைடுகளையும் புள்ளிகளாக இட்ட தாளில் முதலில் சோதித்த பிறகே குரோமாட்டின்மேல் பயன்படுத்துங்கள்.

முடிவான சான்றை இன்று சயனிடியோஸ்கைசானிலேயே எளிதாகப் பெறலாம். எச்3இன் 27ஆவது லைசினில் மூன்று மெத்திலை எழுதும் பிஆர்சி2 என்ற புரதக் கூட்டம் அதில் இருக்கிறது. அந்தக் கூட்டத்தின் செயலைக் குறைத்தால், அடங்கியிருக்க வேண்டிய தாவும் மரபுத்துண்டுகள் விழித்துக்கொள்கின்றன என்றும், பாதிக்கப்படும் விகிதத்தில் அவை சாதாரண மரபணுக்களை விஞ்சுகின்றன என்றும் 2023இல் காட்டப்பட்டது. விலங்குகளில் இந்தக் கூட்டத்தின் ஈஈடி என்ற உறுப்பு, தன் கூட்டமே எழுதிய மும்மெத்தில் குறியைத் தன் அரோமாட்டிக் கூண்டில் பிடித்து, எழுதும் நொதியை மேலும் முடுக்குகிறது என்பது 2009 முதல் தெரியும். செம்பாசியில் அதற்கு இணையான புரதத்தில் நீங்கள் மேலே சொன்ன படிகளை முடித்திருந்தால், மூன்று வகைச் செல்களை உருவாக்குங்கள்: இயல்பானது, அந்த மரபணுவே நீக்கப்பட்டது, கூண்டின் ஒரு வளையம் மட்டும் அலனினாக்கப்பட்டது. மரபணு நீங்கினால் கூட்டமே கலைந்துவிடலாம் என்பதால், குறி மறைவது ஒன்றே படிப்புக்குச் சான்றாகாது. மூன்றாம் வகையில் புரதம் இயல்பான அளவில் இருக்கிறதா, எழுதும் நொதியுடன் இன்னும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குறி எங்கே குறைகிறது, எங்கே பரவாமல் நின்றுவிடுகிறது என்பதைக் குரோமோசோம் நெடுகிலும் இயல்பான செல்லோடு ஒப்பிட்டுப் படியுங்கள்.